ஆறு தவ் இடைவெளி

1. வண்டி இல்லாதவர்

சேலையூரில் கேம்ப் ரோட்டை ஒட்டி என் ஷெட் இருந்தது. கார் இன்ஜினைப் பிரித்துக் கட்டுவதுதான் என் பிழைப்பு. டிங்கரிங், பெயிண்ட், வயரிங் எதற்கும் நான் போனதில்லை. வந்து கேட்டவர்களைப் பக்கத்து ஷெட்டுக்கு அனுப்பிவிடுவேன். காதர் பாய் கட்டின இன்ஜினில் சத்தமே வராது என்று தாம்பரத்திலிருந்து மறைமலை நகர் வரை எனக்கு ஒரு பேர் உண்டு. அந்தப் பேர் ஒரு மனிதரைக் கொன்றிருக்கும். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இப்போது ஷெட் நடத்தும் தம்பிகள் படித்துவிட்டுச் சிரித்தாலும் எனக்கு ஒன்றுமில்லை.

பேர் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். வண்டியை டெலிவரி கொடுக்கும்போது இன்ஜினை ஓடவிட்டு, அதன் மேல் ஒரு டம்ளர் டீயை விளிம்புவரை ஊற்றி வைப்பேன். ஒரு சொட்டுக்கூடச் சிந்தாது. ‘டக் டக்’ என்று ஒரு சின்னச் சத்தமும் இருக்காது. வண்டிக்காரருக்கு முகமெல்லாம் பல்லாக இருக்கும். நேராகத் திருநீர்மலைக் கோயிலுக்கு ஓட்டிப்போய் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு, வழியில் பார்ப்பவரிடமெல்லாம் என் பேரைச் சொல்வார். டீயை நான் குடித்துவிடுவேன்.

வரதன் சார் வந்தது எண்பதுகளின் கடைசியில், மழை விட்டிருந்த ஒரு காலையில். ஒல்லியான ஆள். சட்டைப் பையில் இரண்டு பென்சில், ஒரு சின்ன ஸ்கேல். விமானங்களின் உடம்பைப் பழுதுபார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வேலைக்கு ஏர்ஃப்ரேம் ஃபிட்டர் என்று பேர்.

“பாய், எனக்கு ஒரு கார் இன்ஜின் வேணும்” என்றார்.

“என்ன வண்டி சார்?”

“வண்டி இல்ல. ஏரோப்ளேன்.”

நல்ல மனநிலையில்தான் இருக்கிறாரா என்று ஒருமுறை முகத்தைப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை. வீட்டுக்கு வந்து பார்க்கச் சொன்னார். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. ஹாலில் நாற்காலி, மேஜை எதுவும் இல்லை. ஒரு மர இறக்கை ஹாலில் தொடங்கி அடுப்படிவரை நீட்டிக்கொண்டிருந்தது. காபி போடப் போனவர் அதற்குக் கீழே குனிந்து போய், குனிந்தே திரும்பி வந்தார். பக்கத்து அறையில் உடல் பாகம். ஒரே ஒரு ஆள் உட்காரும் இடம். அதன் மூக்கில் இன்ஜின் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

மனைவி போய் ஆறு வருடம், பிள்ளைகள் இல்லை என்றார். வேறு கேள்வி எதுவும் நான் கேட்கவில்லை. ஹாலில் இறக்கை வைத்தால் ஏன் என்று கேட்க ஒரு வீட்டில் ஆள் வேண்டும். என் வீட்டிலும் அப்படி யாரும் இல்லை. சபீரா இறந்து அப்போது நான்கு வருடம் ஆகியிருந்தது. எங்களுக்கும் பிள்ளைகள் இல்லை. என் ஹாலில் இறக்கை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

2. மூன்று இன்ஜின்

எனக்கு ஏரோப்ளேன் தெரியாது, அவருக்குக் கார் இன்ஜின் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து பேசி முடிவெடுப்பது என்று வைத்துக்கொண்டோம்.

முதலில் நான் சொன்னது நம் ஊர் டாக்ஸிகளில் ஓடிய பெரிய கார் இன்ஜின். கண்ணைக் கட்டிவிட்டாலும் அதை நான் கட்டுவேன். எந்த ஊரிலும் ஸ்பேர் கிடைக்கும். ஒன்றைக் கைவண்டியில் ஏற்றிக் காயலான் கடைத் தராசில் வைத்தோம். நூற்றைம்பது கிலோவைத் தாண்டி முள் போனது. வரதன் சார் முள்ளைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார், “பாய், இத வெச்சா ப்ளேன் மூக்கால மண்ணு தோண்டும்.”

அடுத்தது, அப்போது புதிதாக வந்து எல்லோரும் பேர் பதிந்துவிட்டுக் காத்திருந்த சின்னக் காரின் இன்ஜின். மூன்று சிலிண்டர், அலுமினிய ஹெட், தூக்கினால் கைக்கு அடக்கமாக இருக்கும். எனக்கு அதில் ஆசை விழுந்துவிட்டது. ஆனால் அதன் முழு பலமும் வருவது நிமிஷத்துக்கு ஐயாயிரம் சுற்றுக்கு மேலே. ப்ரொப்பெல்லர் மூவாயிரத்துச் சொச்சத்துக்கு மேல் சுற்றினால் காற்றை வீணாகக் கலக்குமே தவிர இழுக்காது என்று அவர் விளக்கினார். அப்படியென்றால் நடுவில் ஒரு பெல்ட் போட்டுச் சுற்றைக் குறைக்க வேண்டும். தண்ணீர், ரேடியேட்டர், ஹோஸ் பைப் எல்லாம் வேறு. குரோம்பேட்டையில் ஒரு லேத்தில் பெல்ட் புல்லி கடைந்துவிடலாம், கவலை வேண்டாம் என்றேன்.

பெல்ட் அறுந்தால் என்ன செய்வது என்று கேட்டார். ஓரமாக நிறுத்திவிட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார். நானும் பார்த்தேன். என் ஷெட்டின் ஆஸ்பெஸ்டாஸ் கூரைதான் தெரிந்தது. அதற்கு மேலே ஓரம் என்று ஒன்று கிடையாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருபது வருடமாக நான் கட்டிய இன்ஜின்கள் எல்லாம் ஓரம் இருக்கிறது என்ற தைரியத்தில் ஓடியவை.

அறுந்துபோக எது குறைவாக இருக்கிறதோ அதைத்தான் தேட வேண்டும் என்று அதன் பிறகு தெளிவானது. அப்படிப் பார்த்தால் மிஞ்சியது ஒன்று. பின்பக்கம் இன்ஜின் வைத்த ஒரு பழைய வெளிநாட்டுக் கார். நான்கு சிலிண்டர், பக்கத்துக்கு இரண்டாகப் படுத்துக்கொண்டிருக்கும். காற்றிலேயே குளிர்ந்துகொள்ளும், தண்ணீர் வேண்டாம். ப்ரொப்பெல்லரை இன்ஜினுக்குள் சுழலும் தண்டான கிராங்க்கிலேயே நேராக மாட்டலாம், பெல்ட் வேண்டாம். எடை பெரிய இன்ஜினில் பாதிதான்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒன்று கிடைத்தது, கோணிச்சாக்கின் மேல், இரண்டு தையல் மிஷினுக்கு நடுவில். ஜும்மா தொழுகைக்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்று காலையிலேயே போயிருந்தேன். விற்றவனுக்கு ஒரே ஆச்சரியம்.

“இத்த வெச்சினு இன்னா பண்ணப் போற பாய்? இந்த வண்டி ஊர்லயே ஒண்ணு ரெண்டுதான் கீது.”

ஜெனரேட்டருக்கு என்று பொய் சொன்னேன். உண்மையைச் சொன்னால் சந்தையே கூடிவிடும்.

அதன் பிறகு ஐந்தாறு மாதம், எல்லா ஞாயிற்றுக்கிழமையும் அவர் ஷெட்டுக்கு வந்தார். எலுமிச்சை சாதம் கொண்டுவருவார், நான் முட்டை வேகவைத்து எடுத்துவருவேன். முட்டை சாப்பிடுவதைத் தெருவில் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சொல்ல எனக்கும் யாரும் இல்லை. மற்றபடி நாங்கள் அதிகம் பேசியதில்லை. அவர் ப்ரொப்பெல்லர் மரத்தைத் தேய்ப்பார், நான் வால்வைத் தேய்ப்பேன். சபீரா போன பிறகு வாரத்தில் என்னால் தாங்க முடியாத நாள் ஞாயிற்றுக்கிழமைதான். வேலை இல்லாவிட்டாலும் ஷெட்டைத் திறந்து, டப்பாவில் கிடக்கும் போல்ட்டுகளை அளவுவாரியாகப் பிரித்து வைப்பேன். அடுத்த வாரம் நானே கலைத்துவிட்டு மறுபடி பிரிப்பேன். அந்த ஐந்தாறு மாதமும் போல்ட் டப்பாவை நான் தொடவில்லை.

3. நாற்பது நிமிஷம்

இன்ஜின் கட்டி முடிந்ததும், ப்ரொப்பெல்லர் மாட்டுவதற்கு முன்னால், என் வழக்கப்படி ஓடவிட்டு டீ டம்ளரை வைத்துக் காட்டினேன். வரதன் சார் வெகுநேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாய் கை வெச்சா சத்தமே வராதுன்னாங்க. கரெக்டாத்தான் சொல்லியிருக்காங்க” என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்க, ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் கோவிந்தசாமி அண்ணாவின் வறண்ட நிலத்தைக் கேட்டு வாங்கினேன். ஒரு காலத்தில் நெல் போட்ட நிலம். அப்போது அவர் அதை மனை போடுவதற்காக விட்டுவைத்திருந்தார். இரும்பு ஸ்டாண்டில் இன்ஜினை ஏற்றி, ப்ரொப்பெல்லரை மாட்டி, ஸ்டாண்டைப் புளியமரத்தோடு சங்கிலி போட்டுக் கட்டினோம்.

கோவிந்தசாமி அண்ணா வேட்டியைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றார். “இன்னா காத்து பாய் இது? ரெண்டு ஊட்டுக் கூரை போய்டும் போல கீதே.”

நாற்பது நிமிஷம் முழு த்ராட்டிலில் ஓடியது. ஒரு பிசிறு இல்லை. வரதன் சார் கடிகாரத்தைப் பார்த்துக் கை காட்டியதும் நிறுத்தினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ப்ளேனில் ஏற்றிவிடலாம் என்றார். திரும்பி வரும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அவர் பாடி நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

4. நுழையாத தகடு

மறுநாள் காலை, இன்ஜின் சுத்தமாக ஆறியிருந்தபோது, வால்வுகளை மூடியிருக்கும் டேப்பட் கவரைத் திறந்தேன். இது எல்லோரும் செய்வதுதான். வால்வுக்கும் அதைத் தட்டித் திறக்கும் இரும்புக் கைக்கும் நடுவில் ஒரு இடைவெளி விட வேண்டும். அந்த இன்ஜினுக்கு ஆறு தவ். அங்குலத்தை ஆயிரம் பங்கு போட்டால் அதில் ஆறு பங்கு. சூடானால் வால்வு நீளும். அது நீள்வதற்கு விடும் இடம் அது. இடம் விட்டால் கொஞ்சம் ‘டக் டக்’ என்று தட்டும். தட்டினால் வண்டிக்காரர் முகம் சுளிப்பார். அதனால் நம்மில் பாதிப் பேர் இடைவெளியைக் கொஞ்சம் இறுக்கித்தான் வைக்கிறோம். நான் நான்கு வைப்பேன். டீ டம்ளரின் ரகசியத்தில் பாதி அதுதான்.

மூன்றாவது சிலிண்டரில் புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வில், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் மிக மெல்லிய தகடுகூட நுழையவில்லை. இடைவெளியே இல்லை. நாற்பது நிமிஷச் சூட்டில் வால்வின் கழுத்து நீண்டு, முழுசாக மூட முடியாமல் நெருப்பில் நின்றிருக்கிறது.

காரில் இது ஏன் நடக்கவில்லை என்று உட்கார்ந்து யோசித்தேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் எவ்வளவு வேகமாகப் போனாலும் பஸ் நிற்கும், மாடு குறுக்கே வரும், ரயில்வே கேட் மூடும். ஒவ்வொரு முறையும் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கிறோம், ஒவ்வொரு முறையும் வால்வு ஆறிக்கொள்கிறது. என் தப்பை இத்தனை வருடம் மாடும் ரயில்வே கேட்டும் மறைத்திருக்கின்றன. ஏரோப்ளேன் இன்ஜினுக்கு அந்த ஓய்வு கிடையாது.

செய்ய வேண்டியது என்ன என்று எனக்குத் தெரியும். சிலிண்டரை மூடியிருக்கும் ஹெட்டை இறக்கி வால்வை வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். நான் செய்தது வேறு. ஸ்க்ரூவைத் திருப்பி எல்லா வால்வுக்கும் ஆறு தவ் வைத்து, கவரை மூடி, கையைக் கழுவினேன். ஐந்து நிமிஷ வேலை. வால்வு ஒன்றும் ஆகியிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. பேர் கெட்டுவிடும் என்ற பயம் கொஞ்சம்தான். வால்வு போயிருந்தால் அதை அவரிடம் சொல்ல வேண்டும், சொன்னால் அவர் வேறு மெக்கானிக்கைப் பார்த்துப் போய்விடுவார், எனக்கு மறுபடி போல்ட் டப்பாதான். அந்தப் பயத்தில்தான் ஹெட்டைத் திறக்கவில்லை.

5. கான்டாக்ட்

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு வாசலில், இறக்கை மாட்டாத ப்ளேனின் மூக்கில் இன்ஜினை ஏற்றினோம். எடை குறைக்க ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றியிருந்தோம். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்விட்ச் போட வேண்டும், இன்னொருவர் வெளியே நின்று ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்றிவிட வேண்டும். அது ஒரே ஆள் பறக்கும் ப்ளேன்தான், ஆனால் ஒரே ஆளால் அதைக் கிளப்ப முடியாது.

அவர் உள்ளே ஏறி உட்கார்ந்தார். அன்றைக்குப் புதுச் சட்டை போட்டிருந்தார்.

“என்னிக்கும் நீங்கதான் சுத்தி விடணும் பாய். எனக்கு வேற யார் இருக்கா?” என்றார்.

நான் ப்ரொப்பெல்லர் கட்டையைப் பிடித்தேன். அவர் “கான்டாக்ட்” என்றார். ஸ்விட்ச் போட்டாயிற்று, சுற்றலாம் என்று அர்த்தம். என் கை சுற்றவில்லை. அந்தக் கட்டை அவர் ஐந்து மாதம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது, கன்னம் மாதிரி வழவழவென்று இருந்தது.

“சார், ஸ்விட்ச ஆஃப் பண்ணுங்க. கீழ இறங்குங்க.”

இறங்கினார். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு வைக்க வேண்டிய இடத்தில் நான்கு வைத்ததை, தகடு நுழையாததை, திறந்து பார்க்காமல் மூடியதை. அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“எப்பத் தெரியும்?”

“திங்கக்கிழம.”

“இன்னிக்கு ஞாயித்துக்கிழம பாய்” என்றார். குரல் உயரவில்லை. உள்ளே போய் இறக்கைக்குக் கீழே குனிந்து அடுப்படிக்குள் மறைந்துவிட்டார். திட்டியிருந்தால் எனக்குத் தேவலை.

இன்ஜினை நான் ஒருவனே இறக்கிக் கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தேன். ஹெட்டைத் திறந்தேன். மூன்றாவது எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பு நகத்தால் கிள்ளியதுபோல் எரிந்து போயிருந்தது. கழுத்து கண்ணுக்கே தெரியும்படி இளைத்திருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் ஓடியிருந்தால் வால்வின் தலை துண்டாகி உள்ளே விழுந்து இன்ஜின் நின்றிருக்கும். அவர் மேலே இருந்திருப்பார், நான் கீழே நின்று கை தட்டிக்கொண்டிருந்திருப்பேன். வால்வைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

6. இரண்டு பேர் கையெழுத்து

மூன்று ஞாயிற்றுக்கிழமை அவர் வரவில்லை. நான் அவர் தெருப்பக்கமே போகவில்லை, எந்த முகத்தோடு போவது? புது வால்வுகள் வரவழைத்துப் போட்டேன். ஷெட்டில் ஓட்டிப் பார்க்க மட்டும் ஸ்டார்ட்டர் மோட்டாரை மறுபடி மாட்டினேன். ஆறு தவ் வைத்தேன். ஓடவிட்டால் ‘டக் டக் டக்’ என்று தட்டியது. அந்தச் சத்தத்தோடு ஒரு இன்ஜினை என் ஷெட்டில் நான் அதற்குமுன் வைத்திருந்ததில்லை.

நான்காவது ஞாயிற்றுக்கிழமை வந்தார். சாப்பாட்டு டப்பா இல்லை, ஒரு நோட்டு மட்டும். இன்ஜினை ஓடவிடச் சொல்லிக் காதைக் கொடுத்துக் கேட்டார்.

“சத்தம் வருது” என்றார்.

“ஆமா சார்.”

“இருக்கட்டும்.”

பிறகு நோட்டைத் திறந்தார். பென்சிலால் கட்டம் போட்டிருந்தார். ஒரு பக்கம் ‘செய்தவர்’, மறுபக்கம் ‘பார்த்தவர்’. ப்ளேன் வேலையில் ஒரு நட்டைக்கூட முடுக்கினவனே சரி என்று சொல்ல முடியாதாம். வேறொருவன் வந்து தொட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். எவ்வளவு பெரிய கெட்டிக்காரனாக இருந்தாலும் அப்படித்தான்.

“உங்கள நம்பாததால இல்ல பாய். தனியா வேல பார்த்தா யாருக்கும் இப்படித்தான் ஆகும்” என்றார். முப்பது வருடம் அப்படித்தான் வேலை செய்ததாகவும், என் ஷெட்டில் அதைக் கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிட்டதாகவும், அதில் பாதித் தப்பு தன்னுடையது என்றும் சொன்னார்.

மறுபடி புளியமரம், சங்கிலி. இரண்டு மணி நேரம் முழு த்ராட்டிலில் ஓட்டினோம். அரை மணிக்கு ஒருமுறை நிறுத்தி, கை வைக்கும் அளவுக்கு ஆறவிட்டு, நான் தகட்டை விட்டு அளந்து எழுதினேன். அவர் மறுபடி அளந்து எழுதினார். ஆறு, ஆறு. ஆறு, ஆறு. ஒரு பகல் முழுக்க அதற்கே போனது. அதைப்போல ஒரு நல்ல நாள் எனக்கு அதிகம் வாய்த்ததில்லை.

ப்ளேன் பறந்ததா என்று கேட்பீர்கள். பறப்பதற்கான அனுமதி கடைசிவரை வரவில்லை. தரையில் ஓட்டிப் பார்ப்பதாகச் சொல்லித்தான் கோவிந்தசாமி அண்ணா நிலத்துக்குக் கொண்டுபோய் இறக்கையை மாட்டினோம். நான் சுற்றிவிட்டேன். ஓடிக்கொண்டே இருந்தது, பிறகு சக்கரத்துக்குக் கீழே வெளிச்சம் தெரிந்தது. ஆள் உயரம் இருக்கும். பத்து எண்ணுவதற்குள் இறங்கிவிட்டார். அந்தப் பத்தையும் நான் எண்ணினேன். தப்பாகக் கிளம்பிவிட்டது என்று அவர் சொன்னார். அந்த முகத்தைப் பார்த்த யாரும் அதை நம்பமாட்டார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் அவருக்குக் கண் மங்கியது. திருச்சியிலிருந்து தங்கை வந்து அழைத்துக்கொண்டு போய்விட்டார். நிலம் மனையாகி வீடு வந்துவிட்டது. மறுபடி ஹாலுக்கே வந்திருந்த இறக்கையை, வைக்க வேறு இடமில்லாமல் அறுத்து எடுத்தோம். இன்ஜினையும் நோட்டையும் என்னிடம் விட்டுவிட்டுப் போனார். சில வருடம் கார்டு வந்தது, பிறகு தங்கை கையெழுத்தில் ஒரு கார்டு வந்தது, அதுதான் கடைசி.

தம்பிகளுக்கு நான் சொல்ல வேண்டியது சின்ன விஷயம். புத்தகத்தில் ஆறு என்றால் ஆறு வையுங்கள், சத்தம் வந்தால் வரட்டும். அதைவிட முக்கியம், நீங்கள் கட்டியதை இன்னொருவர் பார்க்கட்டும். யாரும் இல்லையென்றால் டீக்கடைக்காரரையாவது கூப்பிட்டுக் காட்டுங்கள்.

ஷெட்டை மூடிவிட்டேன். அந்த இன்ஜின் வீட்டுக் கொல்லையில் ஸ்டாண்டில் நிற்கிறது, ஸ்டார்ட்டர் மோட்டாரைத் திரும்ப மாட்டிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து நிமிஷம் ஓடவிட்டு, ஆறியதும் அளந்து, நோட்டில் ‘செய்தவர்’ கட்டத்தில் கையெழுத்துப் போடுகிறேன். பக்கத்துக் கட்டம் பல வருடமாகக் காலியாக இருக்கிறது. கேம்ப் ரோடு பக்கம் வந்தால் ஒருமுறை உள்ளே வாருங்கள். ஃபீலர் கேஜ் ஜன்னல் ஆணியில் தொங்குகிறது, பென்சிலும் அங்கேயே இருக்கிறது.